பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பவர் ஸ்டியரிங் முனகுகிறது, ரப்பர் பாகங்களும் போய்விட்டன. வீட்டிலேயே சரி செய்யலாமா, பம்பை மாற்ற வேண்டுமா?

பம்பை இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆற்றிய டீ மாதிரி மேலே நுரை நின்றால், பம்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். எங்கேயோ காற்று உள்ளே போகிறது.

என்னுடையது 2001 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன், நாலு கதவு. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற வழியில், புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏற்றிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. அதில் ரப்பர் காய்ந்ததற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

ஒரு சாரல் சீசனில்தான் ஆரம்பித்தது. ஆரியங்காவு தாண்டி ஒவ்வொரு வளைவிலும், முதல் கியரில் மலையேறுகிற பஸ் மாதிரி 'ஊம்ம்ம்' என்று ஒரு முனகல். ஊரில் வழக்கமாகப் பார்க்கும் அண்ணாச்சி கேட்டுவிட்டு, "பம்பு முடிஞ்சுது தம்பி. பழசு ஒண்ணு 7,000 ரூவாய்க்கு வாங்கித் தாரேன்" என்றார். போகிற போக்கில், ஆயில் குறைந்திருக்கிறது என்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற சிவப்பு ஏடிஎஃப் ஆயிலையும் கொஞ்சம் ஊற்றிவிட்டார்.

மச்சினன் புனலூரில் இருக்கிறான். அவன் தெருவில் ஒரு மலையாளி ஆசான், எழுபது வயசு இருக்கும். போனட்டைத் திறக்கச் சொல்லி, ஒரு நிமிஷம் குனிந்து கேட்டார். "பம்பு ஓகே மோனே. ஏர் வலிக்குன்னு" என்றார். பின்னால் நின்ற என் மகன், "பம்புக்கு எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டான். மலையாளத்தில் வலிக்கிறது என்றால் இழுக்கிறது.

விஷயம் இதுதான். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்த மூட்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்துபோனால் ஆயில் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே நுழையும். கீழே ஒரு சொட்டுகூட விழாது, டப்பாவில் அளவும் குறையாது. நாம் பம்பைத்தான் சந்தேகப்படுவோம், சத்தம் அங்கிருந்துதானே வருகிறது. வண்டி ஐடிலில் இருக்கும்போது அந்த மூட்டின் மேல் கொஞ்சம் ஸ்டியரிங் ஆயிலைத் தடவிப் பாருங்கள் (பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல்). முனகல் ஒரு கணம் அடங்கினால் ஆள் அகப்பட்டான். 'கீச்' என்று கத்தினால் அது வேறு கதை, பெல்ட்.

என் காரில் 10-ம் நம்பர் போல்ட் இரண்டு. கழற்றினால் அந்த ஓ-ரிங் சப்பையாகிப் பள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஊசியால் நெம்பி எடுத்து நகத்தால் அழுத்தினேன், சிரட்டைத் துண்டு மாதிரி 'டக்' என்று உடைந்தது. தென்காசியில் ஆயில் சீல் விற்கிற கடையில் உடைந்த துண்டுகளைக் காட்டி அதே அளவில், ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் வாங்கினேன், 15 ரூபாய். பள்ளத்தைத் துணியால் துடைத்து, ரிங்கில் ஆயில் தடவிப் போட்டால் முடிந்தது.

அடுத்தது ஆயில். ஹோண்டாவுக்கு அவர்கள் சொல்லும் ஸ்டியரிங் ஆயில்தான் ஊற்ற வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி வண்டிகளுக்கு ஏடிஎஃப். ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்குப் பச்சை நிற ஆயில். நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், மூடியிலேயே எழுதியிருக்கும். ஆயில் மாறினால் உள்ளே இருக்கும் சீல்கள் ஊதும், இல்லை இறுகும். அண்ணாச்சி ஊற்றியதை வெளியேற்ற, திரும்பி வரும் ஹோஸைக் கழற்றிப் பழைய தண்ணீர் பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்துவிட்டு, புது ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் ஓட்டினேன். முன் சக்கரம் இரண்டும் தரையில் படக்கூடாது. வண்டி நிற்பது ஸ்டாண்டின் மேல். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஹோஸை மாட்டிய பிறகு எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது தடவை மெதுவாகத் திருப்ப வேண்டும், நடுநடுவே ஆயில் விட்டுக்கொண்டே. அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி நுரைதான்.

இனி புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை. என் வண்டியில் பழைய ஹோஸ் ஒன்று முன்பு கசிந்து, சொட்டுச் சொட்டாக, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் புஷ் மேலேயே விழுந்திருக்கிறது. இயற்கை ரப்பருக்கு ஆயில் ஆகாது. விரலை வைத்தால் திருநெல்வேலி அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கழுதுருட்டியிலிருந்து புனலூர் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ரப்பர் போர்டே கோட்டயத்தில்தான் இருக்கிறது. எனக்கோ ஒரு ஜோடி புஷ் வர மூன்று வாரம், அதுவும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து. ஆக, கசிவை நிறுத்தாமல் புஷ் மாற்றினால் காசு கரிதான்.

புஷ்ஷை லேத் பட்டறையில் பிரஸ் போட்டு ஏற்றுவது நல்லது. நான் சோப்புத் தண்ணீர் தடவி வைஸில் வைத்து ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பிரஸ்ஸைவிட முக்கியம், நிறைய பட்டறையில் விடுகிற தப்பு: போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். தூக்கி நிறுத்தி, ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லி நண்பர்கள் சொல்வார்கள். ரேஸ் ஓட்டுவதானால் போடுங்கள். நம் ரோட்டில் ஒவ்வொரு குழியும் பல்லில் தெரியும்.

வீட்டில் கைவைக்கக் கூடாதது இரண்டு. ஒன்று, பம்பிலிருந்து ஆயில் அழுத்தத்தோடு வெளியேறும் பிரஷர் ஹோஸ். டயரில் 30 காற்று அடிக்கிறோம் என்றால், ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்துப் பிடிக்கும்போது அதே கணக்கில் அந்தக் குழாயில் 1,000 பக்கம் வரும். கசிகிறதா என்று ஓடுகிற வண்டியில் கையால் தடவிப் பார்க்காதீர்கள், கிளாம்ப் போட்டு ஒட்டவும் செய்யாதீர்கள். இன்னொன்று ராக், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு. இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ராக் பூட் என்ற உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ராக் சீல் போயிருக்கிறது, வெளியே கொடுத்துவிடுங்கள். வெறும் பூட் கிழிசல் என்றால் நாமே மாற்றலாம். ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதி வைத்து, அதே எண்ணிக்கையில் திரும்ப ஏற்றிவிட்டு, மெதுவாக ஓட்டிப்போய் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். நான் 17 என்று உள்ளங்கையில் எழுதி வைத்தேன், கிரீஸில் அழிந்துவிட்டது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதுங்கள்.