துடிப்புக் கோளாறும் சீன மூலிகையும்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

கேள்வி: நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப் போவது போல இருக்கிறது. சீன மருத்துவர் ஒருவர் 'ஜி கான் சாவ் தாங்' என்ற கஷாயம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதில் என்னென்ன இருக்கிறது? எப்படிக் காய்ச்சுவது?

பதில்: துடிப்பு தவறுகிறது என்றதும் சீன மருத்துவர் முதலில் யோசிக்கும் கஷாயம் இதுதான். கி.பி. 200 வாக்கில், ஹான் ஆட்சியின் கடைசிக் காலத்தில், சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் தொகுத்த 'ஷாங் ஹான் லுன்' நூலில் வருகிறது. நாடி விட்டு விட்டு நடந்து, நெஞ்சு படபடத்தால் இதைக் கொடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

சரக்குகள் ஒன்பது. தேனில் வறுத்த அதிமதுரம் 4 லியாங் (பழைய சீன எடை), இஞ்சி 3, இலவங்க வகை மரத்தின் இளங்கிளை 3, ஜின்செங் 2, கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை 2, ஷெங் தி ஹுவாங் கிழங்கு 16 லியாங், மாய் மென் தோங் கிழங்கும் சணல் விதையும் அரை ஷெங் (பழைய முகத்தலளவை) வீதம், சீன இலந்தைப் பழம் 30. ஏழு பங்கு மதுவும் எட்டுப் பங்கு தண்ணீரும் ஊற்றி மூன்று பங்காக வற்றவைத்து, மூன்று வேளையாகக் குடிக்கச் சொல்கிறது மூலநூல்.

சிக்கல் அளவில்தான். ஹான் காலத்து லியாங் சுமார் 14, 15 கிராம் என்கிறார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் லி ஷிசென் என்ற மருத்துவர், 'பழைய ஒரு லியாங்குக்கு இப்போது ஒரு சியென் போதும்' என்று எழுதிவைத்தார். ஒரு சியென் சுமார் 3 கிராம். ஆக, அதே நான்கு லியாங் அதிமதுரம் ஒருவர் கணக்கில் 12 கிராம், இன்னொருவர் கணக்கில் 60 கிராம்! சீன அரசின் மருந்து நூல் அதிமதுரத்துக்கு நாளொன்றுக்கு 2 முதல் 10 கிராம் வரைதான் சொல்கிறது. உங்கள் சீட்டில் அதற்கு மேல் எழுதியிருந்தால், எந்தக் கணக்கில் எழுதினார், எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

காய்ச்ச மண்சட்டியோ கண்ணாடிப் பாத்திரமோ எவர்சில்வரோ போதும். இரும்பும் அலுமினியமும் ஆகாது. மூலிகையின் துவர்ப்புச் சத்து அவற்றோடு வினைபுரியும். சரக்குகளை அரை மணி நேரம் ஊறவைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். கழுதைத் தோல் பசையை மட்டும் சட்டிக்குள் போடக் கூடாது. அது அடியில் பிடித்துக் கருகும், மற்ற சரக்குகள் மேல் பூசிக்கொண்டு சாறு இறங்காமலும் செய்யும். கஷாயத்தை வடிகட்டி, சூடு இருக்கும்போதே அதில் கரைத்துக்கொள்ள வேண்டும். தி ஹுவாங் அதிகமானால் வயிறு உப்பி, மலம் இளகும்.

மதுவைப் பற்றி எங்கள் கருத்து: விட்டுவிடுங்கள். கொதியில் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது சரியல்ல, கொஞ்சம் தங்கும். துடிப்புக் கோளாறைத் தூண்டும் பொருள்களில் மதுவே ஒன்று.

கேள்வி: அதிமதுரமே துடிப்பைக் கெடுக்கும் என்று படித்தேன். பிறகு எப்படி அது துடிப்புக்கு மருந்தாகும்?

பதில்: படித்தது உண்மை. கார்டிசால் என்ற சுரப்பைச் சிறுநீரகத்தில் ஒரு நொதி செயலிழக்க வைக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் குடலில் மாறி, அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. தடை நீங்கிய கார்டிசால், உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பு செய்யும் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். பொட்டாசியம் குறைந்த இதயத்தில் கூடுதல் துடிப்புகள் கிளம்பும். ஈசிஜியில் கியூடி இடைவெளி (கீழறை தூண்டப்பட்டு மீளும் நேரம்) நீளும். மோசமான நிலையில் உயிரைப் பறிக்கும் கீழறைத் துடிப்பும் வரலாம்.

சில நாள் குடிப்பதும் மாதக்கணக்கில் குடிப்பதும் ஒன்றல்ல. நீர் பிரிய ஃபியூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் இரு வழியில் ஒழுகும். டிஜாக்சின் என்ற இதய மாத்திரையும் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் கூடும். பொட்டாசியம் குறையக் குறைய, வழக்கமான அளவு டிஜாக்சினே நஞ்சாகும். கஷாயம் தொடங்கும் முன்பும், தொடங்கிய ஓரிரு வாரத்திலும் பொட்டாசியத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். கால் வீக்கம், தசைப் பிடிப்பு, காரணமில்லாத சோர்வு இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய அன்றே எல்லாம் சரியாகிவிடாது. அதன் வேலை அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

கேள்வி: காய்ச்சும் தொல்லை இல்லாமல் பொட்டலமாகவும் காப்சூலாகவும் கிடைக்கிறதாமே? அவை பலன் தருமா?

பதில்: அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று 'வென் சின் கேலி' என்ற கரையும் குருணை. தாங் ஷென், ஹுவாங் ஜிங், சான் சி ஆகிய வேர், கிழங்குகளோடு அம்பர் என்ற புதைபடிவப் பிசினும் இமயமலைச் சடாமாஞ்சிலும் இதில் உண்டு. வழக்கமான பொட்டலம் 9 கிராம், ஒரு நாளைக்கு மூன்று. சர்க்கரை சேர்த்ததும் சேர்க்காததும் தனித்தனியாக வருகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் உறையைப் பார்த்து வாங்கவும்.

மற்றது 'ஷென் சோங் யாங் சின்' காப்சூல். பன்னிரண்டு சரக்கு. ஜின்செங், தான் ஷென் வேர், பெர்பெரின் என்ற வேதிப்பொருள் நிறைந்த ஹுவாங் லியென், சடாமாஞ்சில் எல்லாம் உண்டு. தரையில் வாழும் ஒரு பூச்சியும் புதைபடிவ எலும்பும்கூட. மூலிகை என்று நம்பி வாங்கும் சைவர்கள் கவனிக்க.

இவற்றுக்கு இதயத்தில் வேலையே இல்லை என்று சொல்ல மாட்டோம். வென் சின் கேலி இதயச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயிலைத் தடுப்பதை, குறிப்பாக மேலறையில் தடுப்பதை, ஆய்வகத்தில் நாய் இதயங்களில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் நடந்த ஆய்வுகள் நிறைய. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை, கூடுதல் துடிப்பின் எண்ணிக்கை குறைந்ததா என்பதை மட்டும் எண்ணியவை.

அந்த எண்ணிக்கை ஏன் போதாது? மாரடைப்பு வந்தவர்களிடம் 1980களின் இறுதியில் நடந்த 'காஸ்ட்' ஆய்வைப் பாருங்கள். என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற சோடியம் வாயில் தடுப்பான்கள் கூடுதல் துடிப்பை அழகாகவே அடக்கின. ஆனால் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். அவை மூலிகையல்ல, நவீன மருந்துகள். ஆனாலும் ஹோல்டர் (உடம்பில் மாட்டி நாள் முழுதும் எடுக்கும் ஈசிஜி) அறிக்கையில் எண் இறங்கிவிட்டது என்பதை வைத்து எந்த மருந்தையும், அது எந்த மரபில் வந்தாலும், மெச்சிவிடக் கூடாது.

கேள்வி: எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை நடுக்கம்). ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். மூலிகைக்கு மாறினால் வார்ஃபரினை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. மேலறை நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு அடங்கினாலும் இந்த ஆபத்து போய்விடாது. வார்ஃபரின், அபிக்சபான் போன்றவற்றுக்கு மாற்றாக எந்தச் சீனக் கஷாயமும் நிரூபிக்கப்படவில்லை.

சேர்த்துச் சாப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. தான் ஷென், தாங் குய் வேர்கள் இரண்டும் ஐஎன்ஆரை (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏற்றி ரத்தக் கசிவில் கொண்டுவிடலாம். ஜின்செங் வகைகள் அதை இறக்கலாம். பெர்பெரின் கல்லீரலில் பல மருந்துகள் சிதைவதைத் தாமதப்படுத்தும். நீங்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், இன்றைக்கே ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கஷாயம் குடித்துக் கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனது. பிறகு சரியாகிவிட்டது. பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: கட்டாயம். உங்கள் சீட்டில் 'ஃபு சி', 'சுவான் வு', 'சாவ் வு' என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் நாபி என்ற நச்சுச் செடி இனத்துக் கிழங்குகள். நாடி மெலிந்து, கைகால் சில்லிட்டு, துடிப்பு மந்தமாக இருப்பவர்களுக்கு ஃபு சி கொடுப்பது சீன மரபு. அதிலுள்ள அகோனிடின் இதயச் செல்லின் சோடியம் வாயிலை மூடவிடாமல் திறந்தே வைக்கும். உதடு மரத்தல் முதல் அறிகுறி. அடுத்து வாந்தி, கைகால் மரப்பு, பிறகு கீழறைத் துடிப்புத் தாறுமாறாகும். இதற்கு முறிமருந்து கிடையாது.

பதப்படுத்திய கிழங்கை மற்ற சரக்குகளுக்கு முன்பே தனியாகப் போட்டு, 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கொதிக்கவைத்தால் அகோனிடின் சிதைந்து வீரியம் பெருமளவு குறையும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இருபது நிமிடத்தில் இறக்குவது, அதிகக் கிழங்குக்குக் குறைந்த தண்ணீர் வைப்பது. எல்லாவற்றிலும் மோசம் கிழங்கை மதுவில் ஊறப்போட்டுக் குடிப்பது. கொதியே இல்லாததால் நஞ்சு சிதையாமல் அப்படியே மதுவில் இறங்கும். மீதிக் கஷாயத்தைக் கொட்டிவிடாமல் பத்திரப்படுத்துங்கள். மரப்பு மறுபடி வந்தால் அதையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஈசிஜி ஓடவிட்டபடி கண்காணிக்கும் வசதி அங்கேதான் இருக்கும்.

கேள்வி: டிஜாக்சின் மாத்திரையே சாப்பிடாத ஒருவர் ரத்தத்தில் டிஜாக்சின் இருப்பதாகப் பரிசோதனை காட்டுமா?

பதில்: காட்டும். 'சான் சு' என்ற தேரை நஞ்சு சில சீன மாத்திரைகளில் சேர்கிறது. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் 'ஷெ சியாங் பாவ் சின் வான்' அவற்றில் ஒன்று. தேரை நஞ்சின் மூலக்கூறு டிஜாக்சினின் உறவுக்காரன், இதயத்தில் செய்யும் வேலையும் அதேதான், ஆகவே பரிசோதனையும் ஏமாந்துபோகும். ஆனால் எண் சிறிதாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது, நஞ்சின் உண்மையான அளவை அது சொல்லாது. டிஜாக்சின் சாப்பிடுபவர் இந்த மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால் இரட்டை மருந்து சாப்பிடுவதற்குச் சமம். மருத்துவரிடம் போகும்போது பெயரைச் சொல்வதோடு நிற்காமல் டப்பாவையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரே உச்சரிப்பில் வேறு வேறு மாத்திரைகள் விற்பனையில் இருக்கின்றன.