வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் டிவி போடலாமா? கேள்வி பதில்

என் வீட்டிலேயே பல வருடங்களாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். டிவி பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. பிள்ளைகளைப் பார்ப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் முதல் வீட்டில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். கூடத்தில் பெரிய டிவி இருக்கிறது. எடுத்துவிட வேண்டுமா?

எடுக்க வேண்டாம், அது உங்கள் வீடு. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அது ஓடுகிறதா, யாருக்காக ஓடுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் வயது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 2 வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

அந்த 1 மணி நேரம் பிள்ளையின் முழு நாளுக்கும் சேர்த்து என்பதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டில் ஒரு மணி, அம்மா வீட்டில் ஒரு மணி என்று தனித்தனியாகக் கிடையாது. வேலை முடிந்து களைத்து வரும் அம்மாவோ அப்பாவோ ராத்திரி சமையலுக்கு நடுவே அரை மணி கார்ட்டூன் போடத்தான் செய்வார்கள், அதைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? ஆனால் அந்த நேரத்தை நாம் பகலிலேயே காலி செய்துவிட்டால், அவர்களுக்கே தெரியாமல் பிள்ளையின் கணக்கு இரட்டிப்பாகிவிடும். அதனால் நான் சொல்வது இதுதான்: 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளை விழித்திருக்கும்போது டிவி கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கும் சாதாரண நாளில் கிடையாது, என்றைக்காவது ஒரு நாள் ஒரு நிகழ்ச்சி, நாமும் கூட உட்கார்ந்து, முடிந்ததும் அணைத்துவிடுவது.

கேள்வி: பிள்ளைகளுக்காகப் போடுவதில்லை. செய்தியோ சீரியலோ எனக்காகச் சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதில் என்ன இருக்கிறது?

இருப்பதிலேயே எனக்குப் பிடிக்காதது இதுதான். பிள்ளை பார்க்கவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று ஆகாது. 2008இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 1, 2, 3 வயதுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விளையாட விட்டு, அதில் பாதி நேரம் மட்டும் பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சியைப் பக்கத்தில் ஓடவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் புரியாது, சும்மா ஓரிரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனாலும் டிவி ஓடிய நேரத்தில் ஒரு விளையாட்டில் அவர்கள் நிலைத்து நின்ற நேரம் குறைந்துவிட்டது. எடுத்த பொம்மையைப் பாதியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

பிள்ளையோடு முடியவில்லை, நம் பக்கமும் இருக்கிறது. பின்னணியில் டிவி ஓடும்போது பெற்றோர் பிள்ளையிடம் பேசுவது குறைகிறது என்று அடுத்த வருடமே இன்னொரு ஆய்வு காட்டியது. நீங்களே கவனித்துப் பாருங்கள்: பிள்ளை ஒரு கட்டையைக் கொண்டுவந்து காட்டுகிறது, நம் கண் திரையில், வாயில் "ம்... சரி" மட்டும் வருகிறது. டிவி இல்லாவிட்டால் அங்கே "அட, இது சிவப்பா? இதை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று நாலு வார்த்தை பேசியிருப்போம். பேச்சு வருகிற வயதில் அந்த நாலு வார்த்தைதான் பெரிய சாப்பாடு. சீரியலை ராத்திரி பார்த்துக்கொள்ளுங்கள், எங்கேயும் ஓடிவிடாது. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றால் கொஞ்ச நேரம் பாட்டுப் போடுங்கள், அதுவும் நாள் முழுக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் பார்ப்பவர்கள் என்றாலே டிவி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள் என்று பேசுகிறார்களே, குழந்தைகள் காப்பக மையங்களில் மட்டும் போடுவதில்லையா?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பேச்சு காற்றில் வந்ததில்லை. 2009இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பள்ளிக்குப் போகும் முன்னான வயதுப் பிள்ளைகள் வீட்டுப் பராமரிப்பில் சராசரியாக நாளுக்கு 2.4 மணி நேரமும் மையங்களில் 0.4 மணி நேரமும் டிவி பார்த்தார்கள். காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. மையத்தில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி நிற்பார்கள், நாம் தனி ஆள். கூடவே நம் இடம் வீடும்தான், வீட்டில் டிவி ஓடுவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் பெற்றோர் நம்மை நம்ப வேண்டுமென்றால் அந்த வித்தியாசத்தை நாம்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: நான் தனியாக நாலு பேரைப் பார்க்கிறேன். சாப்பாடு தயார் பண்ண, ஒருத்திக்குத் துணி மாற்ற, ஏன், பாத்ரூம் போகக்கூட டிவிதான் எனக்கு உதவி. அதையும் எடுத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு "டிவி கெடுதல்" என்று ஒரு வரியில் பதில் சொல்பவர்கள் இந்த வேலையைச் செய்ததே இல்லை. சரி, என்ன செய்யலாம்?

சமையலில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் வரும் முன்னால் முடித்துவிடுங்கள், மீதி அவர்கள் தூங்கும்போது. பொம்மைகளில் பாதியை எடுத்து ஒளித்து வையுங்கள், வாரம் ஒரு முறை மாற்றுங்கள், பழைய பொம்மையே புதிதாகத் தெரியும். நீங்கள் கட்டாயம் நகர வேண்டிய நேரத்துக்கென்றே ஒரு பெட்டி வையுங்கள், வேறு எப்போதும் திறக்காதது. மூடியுள்ள டப்பாக்கள், துணித் துண்டுகள், பெரிய அட்டைப் புத்தகங்கள் போதும். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கிற அளவில் எதுவும் அதில் இருக்கக் கூடாது. கைக்குழந்தை தடுப்புக் கட்டிலில் இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் எல்லாம் கைமீறிப் போய், இரண்டு வயது தாண்டியவர்களுக்குக் கால் மணி நேரம் ஏதாவது போட்டீர்கள் என்றால் உலகம் முடிந்துவிடாது. தினமும் அதே மணிக்கு அதே கால் மணி என்று ஆகாமல் பாருங்கள், ஆகிவிட்டால் பிள்ளைகள் கடிகாரம் பார்க்காமலே கேட்க ஆரம்பிப்பார்கள். அப்புறம், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்று நம்பி வாசல் வரை போகாதீர்கள். நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் இரண்டரை வயதுப் பிள்ளை எழுந்து எங்கே வேண்டுமானாலும் போகும்.

கேள்வி: என் மகன் போகிற வீட்டில் டிவி ஓடுகிறது என்று சந்தேகம். விளம்பரப் பாட்டெல்லாம் பாடுகிறான். மற்றபடி அந்த அக்கா தங்கமானவர். எப்படிக் கேட்பது?

பிள்ளையிடம் துப்பறிய வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளை சொல்வதில் நேற்றும் போன மாதமும் ஒன்றுதான். நேராக அவரிடமே கேளுங்கள், கூட்டிப்போகும் அவசரத்தில் அல்ல, தனியாக ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்கி. "டிவி போடுகிறீர்களா?" என்று ஆரம்பித்தால் யாராக இருந்தாலும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "அவன் நாள் எப்படிப் போகிறது? எந்த நேரம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டால் டிவி தானாக வெளியே வரும். வந்ததும் முகம் சுளிக்காமல், உங்கள் வீட்டில் அவன் எவ்வளவு பார்க்கிறான் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு அளவு பேசிக்கொள்ளலாம். ஒப்பந்தம் எழுதுகிற பழக்கம் இருந்தால் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எழுத்து, எண், இங்கிலீஷ் சொல்லித்தரும் வீடியோக்களும் டிவி கணக்கில்தான் வருமா?

வரும். 2003இல் ஒரு சோதனை: ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிற ஒருவர் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

மூன்று நாலு வயதில் நல்ல நிகழ்ச்சியிலிருந்து கற்கிறார்கள், மறுக்கவில்லை, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "அவன் ஏன் அழுகிறான்?" என்று பேசிக்கொண்டிருந்தால் இன்னும் அதிகமாக. மெதுவாகப் போகிறதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். படபடவென்று காட்சி மாறும் கார்ட்டூனை வெறும் 9 நிமிடம் பார்த்த நாலு வயதுப் பிள்ளைகள், அந்த நேரம் படம் வரைந்த பிள்ளைகளைவிட, உடனே வைத்த பொறுமைச் சோதனைகளில் தடுமாறியதாக 2011இல் ஒரு ஆய்வு உண்டு. சின்ன ஆய்வு, நிரந்தர பாதிப்பு என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரி ஒன்று முடிந்ததும் நாலு பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைத்துப் பார்த்திருந்தால் உங்களுக்கு ஆய்வே தேவைப்படாது.

கேள்வி: டிவி இல்லாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்கிறாள். வீட்டில் அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் வேறு பழக்கம் இருக்கலாம், பிள்ளைகள் இடத்துக்கு இடம் நன்றாகவே பிரித்துப் புரிந்துகொள்வார்கள். மற்ற பிள்ளைகளோடு உட்கார வையுங்கள், தட்டில் கொஞ்சமாக வையுங்கள், வற்புறுத்தாதீர்கள். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரையைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாமல் போகிறது என்பதுதான் இதில் என் கவலை. எடை ஏறாமல் இருந்தாலோ, நாள் கணக்கில் சாப்பிட மறுத்தாலோ டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டிவிக்குப் பதில் போன் கொடுக்கலாமா?

வேண்டாம். டிவியாவது எல்லோருக்கும் பொது, என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். போனில் அடுத்த வீடியோ எது என்று அதுவே முடிவு செய்கிறது. அம்மாவோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் வேறு கணக்கு, கைக்குழந்தைக்கும் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: நாமெல்லாம் டிவி பார்த்துத்தானே வளர்ந்தோம்? கெட்டா போய்விட்டோம்?

கெட்டுப் போகவில்லை. ஆனால் நாம் பார்த்த டிவியில் நிகழ்ச்சி முடியும், அதோடு எழுந்து போவோம். இப்போது எதுவும் முடிவதே இல்லை.

கேள்வி: டிவியை மேசை மேல் வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

உடனே சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள், கீழே உள்ள மேசையையும் சேர்த்து. இழுப்பறையைப் படியாக்கி ஏறி, டிவி மேலே சாய்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். வயர் தொங்கக் கூடாது. ரிமோட்டையும் பொம்மையையும் டிவி மேல் வைத்தால் அதை எடுக்கத்தான் ஏறுவார்கள். சில சின்ன ரிமோட்டுகளில் காசு மாதிரி தட்டையான பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

கேள்வி: ஒரு அம்மா "போட்டால் பரவாயில்லை, அவனுக்குப் பிடிக்கும்" என்கிறார். இன்னொருவர் சுத்தமாகக் கூடாது என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

ஒரே கூடத்தில் ஒரு பிள்ளையைத் திரையைப் பார்க்க வைத்து, இன்னொன்றைச் சுவரைப் பார்க்க வைக்க முடியாது. அதனால் கூடாது என்பவர் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கும். பிள்ளையைச் சேர்க்க வரும் அன்றே "இங்கே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் பிறகு இந்தப் பஞ்சாயத்தே வராது. உங்கள் பகுதியில் உரிமமோ பதிவோ உண்டென்றால் அதன் விதிகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள், திரை நேரத்துக்கு வரம்பு போட்ட இடங்களும் இருக்கின்றன. போட்டால் பரவாயில்லை என்ற அம்மாவிடம், அவர் பையனுக்கு எந்த நிகழ்ச்சி பிடிக்கும் என்று கேட்டு வையுங்கள். அதில் வரும் யானையோ ரயிலோ எதுவோ, அதை வைத்தே அவனோடு ஒரு காலை முழுக்க விளையாடலாம்.