யூதர்கள் நடத்தும் மழலையர் பள்ளியில் நம் குழந்தையைச் சேர்க்கலாமா? அங்கே அன்றாடம் என்னதான் நடக்கும், மதம் சொல்லிக் கொடுப்பார்களா?

சேர்க்கலாம். நாங்கள் சேர்த்தோம். நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு யூத சமூக மையம் இருக்கிறது. ஒரு பக்கம் நீச்சல் குளம், ஜிம். இன்னொரு கோடியில் மழலையர் பள்ளி. 2022 செப்டம்பரில், மூன்று வயதில் என் மகள் அங்கே போனாள். இரண்டு வருடம் படித்தாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை, பக்கத்தில் இருந்தது, இடம் கிடைத்தது. வகுப்பில் பாதிக்கு மேல் யூதக் குழந்தைகள். மீதி எங்களைப் போல வந்து சேர்ந்தவர்கள்.

மதம் சொல்லிக் கொடுப்பார்களா என்று என் மாமியாரும் ஊரிலிருந்து போனில் கேட்டார். உட்கார வைத்துப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஆனால் மாவு, காசு, விதை, பாட்டு என்று குழந்தை கையில் எது கிடைத்தாலும் அதற்குள் கொஞ்சம் இருக்கும்.

சாதாரண நாட்கள் எந்த விளையாட்டுப் பள்ளியையும் போலத்தான். காலையில் 'போக்கெர் டோவ்' என்று எபிரேயத்தில் காலை வணக்கப் பாட்டு. அப்புறம் மரக்கட்டை அடுக்குவது, மணல், தண்ணீர்த் தொட்டி, பெயிண்ட், சறுக்குமரம். எழுத்து எழுதிப் பழக ஒரு தாள் கூட வீட்டுக்கு வராது. ஷூவில் மணல்தான் வரும். முதல் இரண்டு மாதம் எனக்கு இது பெரிய கவலையாக இருந்தது, அப்புறம் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் விசேஷம். சாயங்காலம் சூரியன் மறைந்தால் அவர்களுடைய ஓய்வுநாளான ஷபாத் தொடங்கிவிடும். அதனால் காலையிலேயே பள்ளியில் ஷபாத் கொண்டாடிவிடுவார்கள். முதல் வேலை ஹல்லா ரொட்டி. மைதா, முட்டை, எண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு. பாலோ வெண்ணெயோ சேர்க்க மாட்டார்கள். ஆளுக்கு மூன்று உருண்டை. அதைப் பாம்பு மாதிரி உருட்டி நீட்டி, மூன்றையும் பின்ன வேண்டும். அம்மாக்கள் உதவிக்கு வரலாம் என்றதால் ஒரு வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். மற்ற குழந்தைகள் பாம்பை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் மாவை ஒரு முறையும் தன் தலையை ஒரு முறையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, சடை!" என்று தமிழில் கத்தினாள். டீச்சர் என்னிடம் அர்த்தம் கேட்டார். அன்றைக்கு அந்த மேஜையில் இருந்த எல்லோரும் சடைதான் பின்னினார்கள். மேலே முட்டை தடவி அடுப்பில் வைத்தால், அரைமணி நேரத்தில் தாழ்வாரம் முழுக்க வாசனை.

ரொட்டி வெந்ததும் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். வாரா வாரம் ஒரு குழந்தை 'ஷபாத் இமா', ஒரு குழந்தை 'ஷபாத் அபா'. எபிரேயத்தில் இமா என்றால் அம்மா, அபா என்றால் அப்பா. முதல் தடவை கேட்டபோது என் கணவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். முதலில் உண்டியல். வீட்டிலிருந்து கொண்டுவந்த காசை ஒவ்வொருவராகப் போட வேண்டும். ட்ஸெடாக்கா என்பார்கள், இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. ஷபாத் தொடங்கிவிட்டால் பணத்தைத் தொடக் கூடாது என்பதால் விளக்கேற்றுவதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும். பிறகு இரண்டு மெழுகுவத்தி. பள்ளியில் பேட்டரியில் எரிவதுதான். இமாவாக இருக்கும் குழந்தை வெளிச்சத்தைத் தன் பக்கம் வாரிக்கொள்வதுபோல் மூன்று முறை கையை வீசி, கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசி சொல்ல வேண்டும். நாம் ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரியே இருந்தது எனக்கு.

அடுத்து திராட்சைச் சாறு, கடைசியில் ரொட்டி. அதுவரை ரொட்டி ஒரு சின்னத் துணிக்குள் மூடியிருக்கும். ஏன் என்று டீச்சர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சாற்றுக்கு முதலில் ஆசி சொல்கிறோம் இல்லையா, தன்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ரொட்டி வருத்தப்படக் கூடாதாம். அதனால் அது பார்க்காமல் இருக்க மூடி வைக்கிறார்களாம். இது டீச்சரின் கற்பனை இல்லை, பெரியவர்கள் வீட்டிலும் சொல்கிற பழைய விளக்கம். குழந்தைகள் இதை அப்படியே நம்புகிறார்கள்.

ஆசி எல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்வதுதான், எபிரேயத்தில். ஒளிக்க ஒன்றுமில்லை. நான் திருச்சியில் கான்வென்ட்டில் படித்தவள், ஜெபமெல்லாம் மனப்பாடம். அதனால் எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தும் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

சாப்பாடு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரம் நான் சிக்கன் ஃப்ரைட் ரைஸ் கட்டிக் கொடுத்து, டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. கோஷர் என்கிற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக் கூடாது. அந்தக் குழப்பமே வேண்டாமென்று பள்ளியில் இறைச்சியையே விலக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்குப் பள்ளியிலேயே பாஸ்தா கொடுத்திருந்தார்கள். சேர்க்கும்போது கொடுத்த தாளில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. அதன் பிறகு தயிர் சாதம், தக்காளி சாதம், இட்லி என்று நிம்மதியாகப் போயிற்று. வேர்க்கடலைச் சட்னி மட்டும் கூடாது, அது அலர்ஜிக்காக. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகை வாரத்தில் கொஞ்சம் திண்டாட்டம். ரொட்டி, பிஸ்கட் கூடாது. ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் வழக்கப்படி அரிசியும் பருப்பும் கூட விலக்கு. நம் சமையலில் மிச்சம் என்ன இருக்கிறது சொல்லுங்கள்? பள்ளி திறந்திருந்த நாட்களில் உருளைக்கிழங்கும் தயிரும் பழமும்தான்.

பண்டிகைகளை ஒட்டித்தான் பெரும்பாலான பாடமும். ஹனுக்கா என்கிற விளக்குப் பண்டிகைக்கு ட்ரேடல் என்று நாலு பட்டைப் பம்பரம். பட்டைக்கு ஒரு எபிரேய எழுத்து. நூன் விழுந்தால் ஒன்றும் கிடையாது, கிமெல் விழுந்தால் நடுவில் இருக்கும் சாக்லேட் காசு முழுதும் உனக்கு, ஹே விழுந்தால் பாதி, ஷின் விழுந்தால் நீ ஒன்று வைக்க வேண்டும். ஏழு காசு இருக்கும்போது ஹே விழுந்து, ஏழில் பாதி எவ்வளவு என்று நாலு வயதுக்காரர்கள் வாதம் செய்வதைப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒருவன் ஒரு காசைக் கடித்துப் பிரித்தான்.

எனக்குப் பிடித்தது பார்ஸ்லி, கொத்தமல்லி மாதிரி ஒரு தழை. மரங்களின் பிறந்தநாள் என்று து பிஷ்வாத் பண்டிகை வரும், 2023-இல் பிப்ரவரி 6. அன்றைக்கு ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் பார்ஸ்லி விதை போட்டார்கள். தண்ணீர் ஊற்றி, வளர்ந்ததா என்று தினமும் அளந்து பார்த்து, ஏப்ரலில் பஸ்கா வந்தபோது அதே தழையைக் கிள்ளி உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். எகிப்தில் அடிமையாக இருந்தவர்களின் கண்ணீர்தான் அந்த உப்பு என்பது கதை. என் மகளுக்கு ஞாபகம் இருப்பது கதையில்லை, தன் கோப்பையில் மட்டும் மூன்று இலைதான் வந்தது என்பது.

வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறைப் பட்டியலை முதலிலேயே வாங்கிவிடுங்கள். எபிரேய நாள்காட்டி தெலுங்குப் பஞ்சாங்கம் போலச் சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணி, அவ்வப்போது ஒரு அதிக மாதம் சேர்ப்பது. அதனால் பண்டிகைத் தேதி வருடா வருடம் மாறும். நாங்கள் சேர்ந்த வருடம் செப்டம்பர் 26-இலிருந்து அக்டோபர் 18-க்குள் ஏழு வேலை நாள் பள்ளி கிடையாது. என் லீவு அதிலேயே தீர்ந்தது.

வாசலில் காவலர், உள்ளே நுழைய ரகசிய எண், இரட்டைக் கதவு. முதல் நாள் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு இது இன்னும் இறுகிவிட்டது என்று மற்ற பெற்றோர் சொன்னார்கள். குழந்தைகளுக்கு அந்தக் காவலர் கை தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மாமா, அவ்வளவுதான். எனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று.

இன்னொன்று, நான் சொல்வது சமூக மையம் நடத்தும் பள்ளியைப் பற்றி. ஆசாரமான ஆர்த்தடாக்ஸ் பள்ளிகள் பெரும்பாலும் யூதக் குழந்தைகளுக்கே. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்றால், நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொங்கலுக்கு அவரே வந்திருந்தார். இலை போட்டு முதலில் பாயசம் வைத்தார். என் மகள் ஓடிப்போய்த் தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து வடைத் தட்டை மூடினாள். "என்னடி பண்றே?" என்றார்.

"வடை வருத்தப்படும், பாட்டி."