அசிஸ்டெண்ட் வேலையா என்று தயங்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. டெக்சாஸில் இருக்கும் உங்கள் மகள் கம்யூனிட்டி காலேஜில் ஆக்குபேஷனல் தெரபி (நோயோ காயமோ வந்தவர்களுக்கு அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கும் சிகிச்சை) அசிஸ்டெண்ட் படிப்பில் சேரப்போகிறேன் என்றதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். "காலம் பூரா இன்னொருத்தருக்குக் கீழேயே இருக்கணுமா?" நியாயமான கேள்வி. ஆமாம், இருக்க வேண்டும். 20 வருட அனுபவம் வந்தாலும், ஓ.டி. எனப்படும் தெரபிஸ்டின் மேற்பார்வை இல்லாமல் அசிஸ்டெண்ட் அங்கே சிகிச்சை தர முடியாது. ஆனால் அந்தக் 'கீழே' எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பாருங்கள்.

பக்கவாதம் வந்து வலது கை சரியாக வராத ஒரு பெரியவர் என்று வையுங்கள். முதலில் அவரைப் பரிசோதித்து மதிப்பிடுவது ஓ.டி. 'நான்கு வாரத்தில் தானே சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்' என்று இலக்கு வைத்துத் திட்டம் எழுதுவதும் அவர்தான். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் மாட்டப் பழக்குவது பெரும்பாலும் அசிஸ்டெண்ட். சின்னப் பித்தான் வரவில்லையா, பெரிய பித்தானில் தொடங்கலாம். அது அவள் சாமர்த்தியம். ஆனால் புதிதாகத் தோள்வலி வந்து இலக்கே எட்டாது போலிருந்தால், அவளாகத் திட்டத்தை மாற்றக்கூடாது, ஓ.டி.யைக் கூப்பிட வேண்டும். ஓ.டி.யும் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். அடிக்கடி பார்க்கிறவள் அவள்தானே!

மேற்பார்வை எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மெடிகேர் என்பது முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அதன் விதிப்படி, தனியார் கிளினிக்கில் அசிஸ்டெண்ட் சிகிச்சை தரும்போது ஓ.டி.யும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியிலிருந்து, மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால், தொடர்பில் இருந்தாலே போதும். இது வசதிதான், ஆபத்தும்தான். இன்னொன்று: 2022 முதல், அசிஸ்டெண்ட் தரும் சிகிச்சைக்கு மெடிகேர் வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் தருகிறது. அவள் சம்பளத்தில் பிடிப்பதில்லை, நிறுவனத்துக்கு வரும் பணம் அது. ஆனாலும் நிறுவனம் கணக்குப் போடாமல் இருக்குமா?

அதனால் இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் அவள் கேட்க வேண்டியவை வேறு. என் ஓ.டி. யார்? வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருவார்? எத்தனை அசிஸ்டெண்டுகளைப் பார்த்துக்கொள்கிறார்? என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு முதல் வேலை ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில். ஓ.டி. எப்போதாவதுதான் தலைகாட்டுவார். "மதிப்பீட்டையும் நீயே எழுதி வை, கையெழுத்து நான் போட்டுக்கொள்கிறேன்" என்றாராம். இவள் மறுத்தாள், மூன்றாம் மாதமே வேறிடம் போய்விட்டாள். சரியான முடிவு. சிக்கல் வந்தால் இரண்டு பேர் லைசென்ஸுக்கும்தான் ஆபத்து.

படிப்பு சுமார் 2 வருடம், அதில் 16 வாரம் முழுநேரக் களப்பயிற்சி. பிறகு என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ் அமைப்பின் தேர்வு, மாநில லைசென்ஸ். இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான ஏ.சி.ஓ.டி.இ.யின் அங்கீகாரம் கல்லூரிப் படிப்புக்கு இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது.

அனுபவத்தை வைத்து மட்டும் அசிஸ்டெண்ட் ஓ.டி. ஆகிவிட முடியாது. அதற்கு முதுகலையோ டாக்டரேட்டோ வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே அங்கே போக பிரிட்ஜ் படிப்புகள் சில உண்டு, ஆனால் செலவும் வருடங்களும் கூடும். திட்டம் போடுகிற நாற்காலிதான் வேண்டுமென்று உங்கள் மகள் நினைத்தால், இப்போதே இளங்கலையில் சேருவது நல்லது. பெரியவர் பக்கத்து நாற்காலியே போதும் என்றால், தயங்காமல் அனுப்பிவையுங்கள்.