சிமுலேட்டர் வேண்டும், அந்தத் தொகுப்பு வேண்டாம்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ரிமோட் விமானம் பறக்கவிட ஆசை. 18,000 ரூபாய்க்கு, கணினித் திரையில் விமானம் பறக்கவிட்டுப் பழகும் சிமுலேட்டர் தொகுப்பும் சான்றிதழும் தருவதாகவும், 30 மணி நேரம் பழகினால் நேரே பெரிய விமானத்தையே பறக்கவிடலாம் என்றும் சேலத்தில் ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா? எங்களுக்கு ஊரில் பயிர் செய்யும் காடும், ஏற்காட்டில் மைத்துனரின் காப்பித் தோட்டமும் இருக்கின்றன.
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: சிமுலேட்டர் உங்கள் மகனுக்குக் கட்டாயம் வேண்டும், முகவர் சொல்லும் தொகுப்பு வேண்டாம். விலகிப் போகும் வரை ஒழுங்காக இருக்கும் இடமும் வலமும், விமானம் திரும்பி நம்மை நோக்கி வரும்போது மாறிவிடுவதால், புதியவர்கள் பெரும்பாலும் அந்த நொடியில்தான் அதைத் தரையில் குத்துகிறார்கள். எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே, விமானத்தை இயக்கும் கைக்கருவியான ரேடியோவின் குச்சியைத் தள்ள வேண்டும் என்பது, நூறு முறை வாயால் சொன்னாலும் விரலுக்கு ஏறாது. திரையில் ஐம்பது விமானங்களை உடைத்தால் ஏறும்.

ஆனால், எந்த ரேடியோவைப் பிடித்துப் பறக்கவிடப் போகிறானோ, அதே ரேடியோவில்தான் திரையிலும் பழக வேண்டும். இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் வருவது கணினியோடு மட்டுமே இணையும் பிளாஸ்டிக் கருவி. அதை வைத்து உண்மையான விமானத்தை இயக்கவே முடியாது. ‘22 இன் 1’ என்று கூவி விற்கும் டாங்கிளோடு (ரேடியோவைக் கணினியோடு இணைக்கச் செருகும் சிறு கருவி) வரும் மென்பொருளோ பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அந்தப் பணத்தில் நல்ல ரேடியோவாக ஒன்றை வாங்குங்கள். ரேடியோக்களுக்கான எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் இயங்குபவை சாதாரண யு.எஸ்.பி. கேபிளிலேயே கணினியோடு இணையும். பிக்காசிம் என்ற சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது குச்சியில் இருக்கும் மோட் 2 அமைப்பையே கேளுங்கள்; த்ராட்டில் வலது குச்சியில் இருக்கும், தேங்கிக் கிடக்கும் மோட் 1 ரேடியோவைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு.

சான்றிதழ் விஷயம் இன்னும் வேடிக்கை. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 2 கிலோ வரை எடையுள்ளதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழே தேவையில்லை. முகவர் அச்சடித்துத் தரும் தாளுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

நீங்கள் ஓமலூர்க்காரர் என்பதால் ஒன்றை விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கமலாபுரம் விமான நிலையம் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி உயரம் வரை அனுமதியின்றிப் பறக்கவிடலாம். அந்த உயரத்துக்கு மேல் அனுமதி வேண்டும். 8 கிலோமீட்டருக்குள் என்றால், தாழப் பறந்தாலும் அனுமதியின்றி ஏற்றவே கூடாது. தூரத்தை வீட்டிலிருந்து அளக்காதீர்கள். பறக்கவிடப் போகும் காட்டிலிருந்து அளக்க வேண்டும். ஃபோம் விமானம்தானே, நம் காடுதானே என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள ஓர் அலுவலகத்துக்கு ஒருமுறை போனேன், மூன்று மேசைகளிலும் “டிரோனா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசையைக் காட்டினார்கள். இறக்கை வைத்த மாடல் விமானத்துக்கு அவர்களிடம் ஒரு பெயர்கூட இல்லை.

ஏற்காட்டுத் தோட்டமும் முதல் நாளுக்கு ஆகாது. முகட்டின் மறைவில் காற்று சுழன்று விமானத்தைக் கீழே அழுத்தும். சில்வர் ஓக் உச்சியில் சிக்கினால், மிளகு பறிக்கும் ஆளைத்தான் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். எத்தனை மணி நேரம் பழகியிருந்தாலும், முதல் விமானம் இறக்கை மேலே அமைந்த சிறிய ஃபோம் பயிற்சி விமானமாகவே இருக்கட்டும். மேலே சொன்ன 8 கிலோமீட்டர் எல்லைக்கு வெளியே, அறுவடை முடிந்த காடாகப் பார்த்து, காற்று எழும்பும் முன் விடியற்காலையில் போங்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலெழுகிறதா என்று பார்த்த பிறகே விமானத்தைக் கையிலிருந்து விடச் சொல்லுங்கள்.