வாசகர் கேள்வி – பதில்: குறைந்த செலவில் வண்டியை உயர்த்தலாமா?

கேள்வி (வால்பாறை வாசகர்): என்னிடம் மாருதி ஜிப்ஸி கிங் இருக்கிறது. எஸ்டேட் பாதையில் அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது. பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக மாட்டி மூன்று அங்குலம் தூக்கித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செலவும் குறைவு. செய்யலாமா?

மூன்று அங்குலம் வேண்டாம். முதலில் கல்லில் இடிப்பது எது என்று குனிந்து பாருங்கள். ஆக்ஸில் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல்தான் இடிக்கிறது என்றால், சஸ்பென்ஷனில் என்ன செய்தாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஜிப்ஸிக்கு முன்னாலும் பின்னாலும் முழு ஆக்ஸில். அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயர் 668 மி.மீ. விட்டம் கொண்டது. 215/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 703 மி.மீ. ஆகும். அதில் பாதி, ஏறக்குறைய 18 மி.மீ., டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும். 235/75 ஆர்15 போட்டால் 33 மி.மீ. கிடைக்கும். ஆனால் அது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உரசக்கூடும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 110-ஐ நெருங்கியிருக்கும். மலைப்பாதைக்கு 215/75 போதும் என்பதே எங்கள் கருத்து.

இடிப்பது சேஸிஸோ, சைலன்ஸரோ, பம்பரின் கீழ்ப்பகுதியோ என்றால் மட்டுமே சஸ்பென்ஷனுக்கு வாருங்கள். அப்போதும் ஷாக்கிளைத் தொடும் முன் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலதுக்கு 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, பட்டை தட்டையாகப் படுத்திருந்தாலோ, உங்களுக்குத் தேவை லிஃப்ட் அல்ல, புதுப் பட்டை. பழைய ஜிப்ஸிகள் பலவற்றில் இழந்த உயரம் திரும்பக் கிடைத்தாலே பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். பழைய பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவதை நம்ப வேண்டாம். முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாத இரும்பு, பாரம் ஏறியதும் மறுபடி படுத்துவிடும்.

இனி ஷாக்கிள் கணக்கு. ஷாக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டுமே கீழே தள்ளுகிறது, மறுமுனை சேஸிஸில் அப்படியே நிற்கிறது. ஆகவே ஷாக்கிள் கூடிய நீளத்தில் பாதிதான் வண்டி உயரும். மூன்று அங்குலம் உயர ஷாக்கிள் ஆறு அங்குலம் நீள வேண்டும். அவ்வளவு நீள ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடும், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது எதிர்ப்பக்கம் மடங்கி மாட்டிக்கொள்ளும். இரண்டு அங்குலம் நீட்டி ஒரு அங்குலம் உயர்த்துவதோடு நிறுத்துங்கள். 8 மி.மீ. தகட்டில் செய்து, இரண்டு தகடுகளுக்கும் நடுவே குறுக்கே ஒரு துண்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஜிப்ஸியின் முன்பக்க ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் பட்டையின் முன்முனை தாழும், ஆக்ஸில் சுழலும், கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். அதன் பிறகு வண்டி நேர்கோட்டில் நிற்காது. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, வேகம் கூடினால் முன்பக்கம் உதறவும் செய்யும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று டிகிரி இரும்பு ஆப்பு வைத்தால் கேஸ்டர் மீளும். ஆனால் அதே ஆப்பு டிஃபரன்ஷியலின் மூக்கைத் தாழ்த்தி எஞ்சின் சக்தியை முன் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணத்தைக் கூட்டும், அதன் மூட்டான யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேயும். ஒரு அங்குலத்தோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வேலையை ஒவ்வொரு பக்கமாகச் செய்யச் சொல்லுங்கள். ஸ்டாண்டு சேஸிஸுக்கு அடியில், ஜாக்கி ஆக்ஸிலுக்கு அடியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்ஸில் நழுவும். பட்டையின் நடு போல்ட்டின் தலை, ஆக்ஸில் இருக்கையின் துளைக்குள் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே, பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டை முறுக்க வேண்டும். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே பிடியைத் தராது. நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கி, 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் மறுபடி சரிபாருங்கள். ஷாக்கிள் போல்ட்டைக் கடைசியாக, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கேறியே இருந்து கிழிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் சேஸிஸைத் தூக்கி ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இறுகக்கூடாது. இறுகினால் சேஸிஸில் ஹோஸ் பிடித்திருக்கும் கிளிப்பைச் சிறு தகடு வைத்துக் கீழே இறக்கலாம், இது மலிவான, சரியான வழி. ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டு, பட்டையின் பாரத்தைத் தானே தாங்குகிறதா என்றும் பாருங்கள். தாங்கினால் நீளமானது வேண்டும். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால், ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கைச் சரிசெய்து நேராக்குங்கள். இந்தச் சோதனைகளைச் செய்ய மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி (அதே வாசகர்): ஷாக்கிளுக்குப் பதில் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே பிளாக் (இரும்புக் கட்டை) வைத்தால்?

ஜிப்ஸி இன்னும் தாழ்ந்துபோகும். ஜிப்ஸியில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே ஓடுகிறது. நடுவே பிளாக் வைத்தால் பட்டையும் அதோடு சேஸிஸும் கீழே இறங்கும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே ஓடும் வண்டிகளில், அதுவும் பின்பக்கம் மட்டுமே, ஒரே இரும்பு பிளாக் வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. முன்பக்கம் எந்த வண்டியிலும் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி (தேனி வாசகர்): என்னுடையது 2014 மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. அதன் முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டை முறுக்கி உயர்த்தினார்கள். இப்போது சின்னப் பள்ளத்திலும் 'டங்' என்று சத்தம், முன் டயர் உள்பக்கம் தேய்கிறது. பார் கெட்டுவிட்டதா?

பார் கெடவில்லை, அளவுக்கு மேல் முறுக்கிவிட்டார்கள். போல்ட்டை முறுக்குவதால் பார் விறைப்பாவதில்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகள் நிற்கும் கோணம் மட்டுமே மாறுகிறது. சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தைச் செலவழித்தே அந்த உயரம் கிடைக்கிறது. இப்போது மேல் கை, இறக்கத்தைத் தடுக்கும் ரப்பரிலேயே ஏறக்குறைய உட்கார்ந்திருக்கிறது. பள்ளம் வந்ததும் அதில் அடிக்கிறது, அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. காட்டுப்பாதையில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்பதும் இதனால்தான்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பாரின் பாரம் இறங்கிய பின், இரு பக்கப் போல்ட்டையும் சமமாக, எண்ணிக்கை வைத்து இறக்குங்கள். கீழே இறக்கி, இருபது அடி முன்னும் பின்னும் ஓட்டிய பிறகே அளவெடுக்க வேண்டும். ஓட்டாமல் அளந்தால் சஸ்பென்ஷன் உட்காராமல் தவறான உயரம் காட்டும். மேல் கைக்கும் ரப்பருக்கும் நடுவே குறைந்தது 40 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியோடு கிடைப்பது ஒரு அங்குலம் என்றால் அதுவே உங்கள் வண்டிக்கான வரம்பு. பிறகு டோ, கேம்பர் (சக்கரங்கள் உள்ளே-வெளியே திரும்பியும் சாய்ந்தும் நிற்கும் கோணங்கள்) அலைன்மென்ட் கட்டாயம். ஆக்ஸில் ஷாஃப்டின் ரப்பர் உறைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கிரீஸ் கசிந்திருந்தால் உடனே மாற்றுங்கள், மண் உள்ளே போனால் ஜாயின்ட்டே போய்விடும்.

கேள்வி (சிவகங்கை வாசகர்): காயில் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் போட்டு பொலேரோவின் முன்பக்கத்தை உயர்த்தலாமா?

வேண்டாம். அது ஒரு சுருளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும், அந்த வேலையும் மற்றச் சுருள்கள்மேல் விழும். ஸ்பிரிங் சீக்கிரம் உடையலாம். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): உயர்த்திய வண்டியைப் போலீஸ் பிடித்தால்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த பட்டைக்குப் புதுப் பட்டை போடுவது பழுதுபார்ப்பு, அதில் சிக்கல் இல்லை. அதற்கு மேல் செய்யும் எதையும் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றியிருந்தால் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். காப்புக்காடுகளில் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது தனிக் குற்றம். எவ்வளவு உயர்த்தினாலும் அங்கே போகாதீர்கள்.