டாக்டரா, டோக்டரா: எது சரி?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் சிலர் ‘டோக்டர்’, ‘கோளேஜ்’ என்கிறார்களே, அது தப்பான ஆங்கிலமா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பெல்லாம் இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொற்களின் முதல் உயிரொலியை உதட்டைக் கொஞ்சம் குவித்து, குறுக்கிச் சொல்வார்கள். ‘ஆ’வுக்கும் ‘ஒ’வுக்கும் நடுவில் நிற்கும். அதற்குத் தமிழிலும் எழுத்து இல்லை, மலையாளத்திலும் இல்லை. நாம் ‘ஆ’வை எடுத்துக்கொண்டோம், மலையாளிகள் ‘ஓ’வை. அமெரிக்கர்கள் உதட்டைக் குவிப்பதில்லை. அவர்கள் சொல்வது நம் ‘டாக்டர்’ பக்கம் சாயும். ஆக, இரண்டுமே பாதி சரி!

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதுவரை மலையாளம் பேசும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, அந்த வாடைதான் இது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டினால் ஆபீஸும் ‘ஓஃபீஸ்’ ஆகிவிடும். கோடு போட்டால் நாக்கு கேட்குமா?

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலக் காபியிலும் அதே ஒலிதான். ஆனால் மலையாளிகள் ‘கோப்பி’ என்பதில்லை, நம்மைப் போல ‘காப்பி’தான். எல்லாச் சொல்லும் ஒரே விதிக்கு அடங்காது.

சென்னையில் ‘கோளேஜ்’ என்று சொல்லிக் கிண்டல் வாங்கியவன் நான். கிண்டல் செய்தவர்கள் பேங்கைப் ‘பேங்க்கு’ என்றார்கள். அப்புறம் என்ன, மக்களே?